சிவப்பு வளையம் போட்ட மவுத்பீஸ்

சனிக்கிழமை பின்னேரங்களில், பிள்ளைகள் வருவதற்கு முன்பு, சனசமூக நிலையத்தின் பின்விறாந்தையில் ஒரு அலுமினியச் சட்டியை வைத்து இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, சவுக்காரம் கரைத்து, எங்கள் பாண்டின் கோர்னெட் என்ற பித்தளைக் குழல்களுக்குரிய மவுத்பீஸ்கள் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடுவேன். குழலின் நுனியில் செருகி ஊதுகிற சிறிய பித்தளைக் கிண்ணத்தைத்தான் மவுத்பீஸ் என்கிறோம். உதடு படுவது அதில்தான். பிள்ளைகள் வந்ததும் ஒருவர் பின் ஒருவராகக் கையை விட்டு, அகப்பட்டதை எடுத்து, குழாயடியில் அலசிக்கொண்டு போவார்கள். இந்தக் கிழமை ஒரு பிள்ளை ஊதியதை அடுத்த கிழமை இன்னொரு பிள்ளை ஊதும். இது நான் கொண்டுவந்த ஒழுங்கு. அவற்றுள் ஒன்றின் கழுத்தைச் சுற்றி மட்டும் மெல்லிய சிவப்பு வளையம் இருக்கும். நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸ். பாதி உதிர்ந்துவிட்டது, மீதி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது ஒரு காலத்தில் என்னுடைய மவுத்பீஸ். அந்த வளையத்தைப் பூசியவர் அக்கா.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. எங்கள் ஊர்ப் பாண்டை நடத்தியவரை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். காலையில் நிலையத்து முன்பள்ளியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். பட்டணத்துக் கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அங்கே பாண்டில் கோர்னெட் வாசித்தவர். சண்டை முடிந்து ஊர் மூச்சு விடத் தொடங்கிய நாட்களில், சுவிஸில் இருந்த ஊரவர் ஒருவர் அந்த நாட்டுப் பாண்ட் ஒன்று கழித்துவிட்ட பித்தளைக் குழல்களைச் சேர்த்து அனுப்பிவைத்தார். அவற்றை என்ன செய்வதென்று நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அக்காதான் போய்த் திறப்பைக் கேட்டு வாங்கினார். அப்போது அவர் கலியாணமாகாத பெண். "பொம்பிளைப் பிள்ளை கன்னத்தை உப்பிக்கொண்டு குழல் ஊதுறதோ" என்று கிணற்றடிகளில் கதை எழும்பியது. அக்கா அதற்கு முகத்துக்கு நேரே பதில் சொன்னார்: "கன்னம் உப்பினால் சத்தம் வராது மாமி. ஒருக்கா வந்து ஊதிப் பாருங்கோவன்."

அவர் எங்களைப் பழக்கிய விதம் இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. வேறு எப்படிப் பழக்குவதென்று எனக்குத் தெரியாது. முதல் மாதங்களில் குழலைத் தொட விடமாட்டார். வெறும் உதட்டை மூடி அதிர வைக்க வேண்டும். பிறகு மவுத்பீஸை மட்டும் வைத்து ஊத வேண்டும். "முதல்லை தேனீ, பிறகு குருவி, பிறகுதான் பாட்டு" என்பார். நிலையத்தின் வேப்பமரத்தடியில் வட்டமாக நின்று நாங்கள் தேனீக்களாக இரைந்ததைக் கேட்டு, வெங்காயத் தோட்டத்தில் நின்ற சனம் சிரித்தது. குழல் கைக்கு வந்த பிறகு, உள்ளே சேரும் தண்ணீரை அடியில் இருக்கிற சின்ன மூடியை அழுத்தி நிலத்தில் விடவேண்டும். பெடியள் நாங்கள் அதை ஒருவர் காலில் ஒருவர் விட்டு விளையாடினோம். பயிற்சி முடிந்து போகும்போது எல்லோருடைய உதட்டிலும் மவுத்பீஸ் அழுத்திய வட்டம் சிவந்து கிடக்கும். அந்த வட்டத்தைப் பார்த்தே இன்னார் பாண்டுப் பிள்ளை என்று ஊர் அறிந்துகொள்ளும். அந்த அடையாளம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன்பு என் மேல் இருந்த அடையாளம் வேறு.

எங்கள் வீடுகள் இருக்கிற குறுந்தெரு, அந்த ஒழுங்கை, ஊரின் மேற்குக் கடைசியில் இருக்கிறது. அப்பா பிறருடைய வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர். அம்மா கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை மையில் தோய்த்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் பார்த்த முதல் ஆள் நான். எந்த வீட்டில் முன்வாசலால் போகலாம், எந்த வீட்டில் வேலியோடு நின்று கூப்பிட வேண்டும் என்பதை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கால்களுக்கே தெரிந்திருந்தது. மூக்குப்பேணி என்று ஒன்றை எங்கள் பக்கத்தில் வைத்திருப்பார்கள். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்காக மூக்கு வைத்துச் செய்த பித்தளைப் பேணி. பெரிய வீடுகளில் தேத்தண்ணீர் அதில் வரும். எங்களுக்கு மட்டும் அதுவும் வராது. அப்பாவின் காலத்தில் சிரட்டை, என் காலத்தில் குடித்துவிட்டு எறிகிற பிளாஸ்டிக் கப். பாண்டுக்குப் போன பிறகு ஒருநாள் இதை யோசித்து எனக்கு நானே சிரித்தேன். பேணியும் பித்தளை, குழலும் பித்தளை. ஒன்று உதடு படக்கூடாதென்று செய்தது. மற்றதில் உதடு படாவிட்டால் சத்தமே வராது.

குழல்கள் குறைவு, பிள்ளைகள் கூட. அதனால் அக்கா இரண்டு பிள்ளைக்கு ஒரு குழல் என்று சோடி சேர்த்தார். என்னுடைய சோடி நிலையத் தலைவரின் மகன். ஒரே வகுப்புத்தான், ஆனாலும் அதுவரை நாங்கள் கதைத்தது கிடையாது. அவன் இரண்டு வரி ஊதிவிட்டு மவுத்பீஸைக் காற்சட்டைப் பையிலிருந்த லேஞ்சித் துணியால் துடைத்து என்னிடம் தருவான். நான் ஊதிவிட்டுத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பேன். சில கிழமைகளில் துடைப்பதை இருவரும் மறந்துபோனோம். "டேய், உன்ரை வாயிலை மாங்காய் மணக்குது" என்பான். "உன்ரை வாயிலை மீன் மணக்குது. இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ, கொம்மாவுக்குத் தெரியுமே?" என்பேன். அவனுக்கு உதடு மெல்லியது, மேல்சுரம் எனக்கு வருவதற்கு முன்பே அவனுக்கு வந்துவிட்டது. எனக்கு மூச்சு நீளம். அக்கா எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு பேரையும் உருக்கி ஒண்டாக்கினால் ஒரு நல்ல வாத்தியக்காரன் வருவான்" என்று சொல்வார்.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி ஒன்றுக்கு நாங்கள் வாசிக்கப் போனோம். அணிநடைக்கு முதல் பாதியை அவன் ஊத, மறு பாதியை நான் ஊதினேன். அவன் குழலை என்னிடம் நீட்டியதையும், நான் அதே மவுத்பீஸை வாயில் வைத்ததையும், பிறகு அது திரும்ப அவன் வாய்க்குப் போனதையும் பந்தலுக்குக் கீழே கதிரையில் இருந்த அவனுடைய அம்மா பார்த்தார். அடுத்த கிழமை நிலையத்தில் நிர்வாகக் கூட்டம் நடந்தது. அதற்கடுத்த பயிற்சியில், இனி மவுத்பீஸ் விஷயத்தில் சுகாதாரம் பேணப்படும் என்று தலைவர் வந்து சொன்னார். சாதி என்ற சொல்லை எவரும் வாயில் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. "காய்ச்சல், தடிமன் தொத்தும் பிள்ளையள்" என்றார். அவர் பின்னால் நின்ற அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சில நாட்களில் அக்கா ஒரு பையோடு வந்தார். கொழும்பில் இருந்த தன் சிநேகிதியிடம் சொல்லி எடுப்பித்த புது மவுத்பீஸ்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு வளையம் போட்டிருந்தார். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவர் கையிலும் ஒன்றைத் தந்தார். "இது இனி உன்ரை. வீட்டை கொண்டுபோ. வடிவாக் கழுவி வை. வேறை ஆருக்கும் குடுக்காதை, வேறை ஆரின்ரையையும் வாங்காதை." அன்றைக்கு எங்களுக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகளுடைய மவுத்பீஸ் குழலோடு சேர்ந்து அலுமாரிக்குள் போகும். எங்களுடையது எங்கள் சட்டைப் பைக்குள் வரும். ஒழுங்கை முழுக்கத் தேனீ இரைந்தது. அம்மா அதைச் சாமிப் படத்தட்டில் வைத்தார். "எல்லாருக்கும் கிடைக்கேல்லையாம், இவைக்குத்தான் குடுத்ததாம்" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போனார். அப்பா அதைக் கையில் எடுத்து, வளையத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, "நல்ல பாரமாக் கிடக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எனக்கு மட்டும் ஒரு சின்னக் குறை இருந்தது. தலைவரின் மகனுக்கும் அப்படி ஒன்று கிடைத்திருக்கலாம் என்று நினைத்தேன். அவன் பாவம், குழலோடு வந்த பழையதைத்தான் வைத்து ஊதினான்.

நிலையத்துக்குப் புது மண்டபம் கட்டித் திறந்த நாள் வந்தது. அக்கா அதற்காக ஒரு வரவேற்பு மெட்டுப் போட்டிருந்தார். நடுவில் மற்ற எல்லாம் அடங்க, ஒரே ஒரு கோர்னெட் தனியே எழும்பி வரும். அந்தத் தனி வாசிப்பு தலைவரின் மகனுக்கு. அடுத்த உருப்படியில் அதே குழலை வாங்கி நான் வாசிக்க வேண்டும். அதுவரை அவனுக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு நிற்க வேண்டும். பிரதம விருந்தினரின் வாகனம் சந்தியில் திரும்பிவிட்டதென்று ஒருவர் ஓடிவந்து சொன்னபோது, எவரோ பெரியவர் எங்களைப் பார்த்து, "மவுத்பீஸைக் கழுவினியளே பிள்ளையள்? சுகாதாரம்!" என்று சத்தம் போட்டார். தலைவரின் மகன் பயந்து கிணற்றடிக்கு ஓடினான். துலாவில் தொங்கிய வாளித் தண்ணீரில் கழுவி உதறியபோது மவுத்பீஸ் கையிலிருந்து வழுகியது. கிணற்றுக் கட்டில் ஒருமுறை பட்டது. பிறகு தண்ணீரில் அது விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அவன் வெறுங்கையோடு திரும்பி ஓடிவந்தான். மேளம் தொடங்கிவிட்டது. "மச்சான், உன்ரையைத் தா. கெதியா!" என்றான். நான் பைக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைக் குழலில் செருகி, வாய்க்குக் கொண்டுபோய் உதட்டில் வைத்தும் விட்டான். இதை நான் சொல்லியாக வேண்டும். அவன் வைத்தான். அவன் முகத்தில் அவசரத்தைத் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை. முன்வரிசைக் கதிரையில் அவனுடைய அம்மா எழும்பி நின்றார். எழும்பியதைத் தவிர அவர் வேறு ஒன்றும் செய்யவில்லை. அக்கா அதைக் கண்டார். தாளத்துக்கு அசைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தார். அவன் வாயிலிருந்து குழலை எடுத்து, என் மவுத்பீஸைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "உது வேண்டாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சுடுகிற பாத்திரத்தில் கை வைக்கப் போன குழந்தையைத் தடுக்கும் குரலில்தான் சொன்னார். பிறகு வரிசையின் கடைசியில் வாசித்துக்கொண்டிருந்த சின்னப் பெண்ணிடம் போய், அவளுடைய மவுத்பீஸைக் கழற்றி எடுத்தார். "நீ இண்டைக்குச் சும்மா பிடிச்சுக்கொண்டு நில்லம்மா." வளையம் இல்லாத மவுத்பீஸ். அதை அவனிடம் கொடுத்தார். அந்தப் பெண் ஊமைக் குழலை வாயில் வைத்தபடி அழுதாள்.

அவன் நன்றாக வாசித்தான். மேல்சுரம் ஒரு மாசு இல்லாமல் வந்தது. சனம் கைதட்டியது. நான் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசிக்கிற பிள்ளையிடமிருந்து பறிக்கலாம், சும்மா நிற்கிற என்னிடமிருந்து வாங்கக் கூடாது. வளையம் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அது எங்களுக்குத் தந்த பரிசின் அடையாளம் என்று வீட்டுக்கு வீடு காட்டித் திரிந்தோம். மாறிப் போய் அவர்களுடைய வாயில் பட்டுவிடாமல் இருக்கப் போட்ட அடையாளம் அது. அம்மாவுக்கு இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அடுத்த பயிற்சிக்கு அக்கா எனக்கு மட்டும் ஒரு ஐஸ்பழம் வாங்கி வந்து, "கோவமோ?" என்று கேட்டார். "இல்லை அக்கா" என்றேன். அவர் என் தலையைத் தடவினார். அந்தக் கையில் நகங்களெல்லாம் அதே சிவப்பு.

அக்கா பிறகு கலியாணம் செய்து கனடாவுக்குப் போனார். குழல்கள் மறுபடி அலுமாரிக்குள் போயின. நான் படித்தேன், பல்கலைக்கழகம் போனேன், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வேலை கிடைத்த வருசமே நிலையத்துக்குப் போய்த் திறப்பைக் கேட்டேன். தந்தார்கள். காலம் மாறிவிட்டது என்று சொல்லித்தான் தந்தார்கள். நான் கதிரை போட்டு உட்கார்ந்து தேத்தண்ணீரும் குடித்தேன், கண்ணாடிக் கிளாஸில். முதல் நாளே அலுமாரியில் இருந்த மவுத்பீஸ்களையும் எங்கள் ஒழுங்கையில் மிஞ்சிக் கிடந்தவற்றையும் ஒன்றாகச் சட்டியில் போட்டேன். மற்றவர்கள் தங்களுடையதில் இருந்த வளையத்தை எப்போதோ சுரண்டி எடுத்திருந்தார்கள். என்னுடையதில் அது அப்படியே இருந்தது. கியூட்டெக்ஸ் அழிக்கிற மருந்தில் ஒரு சொட்டுப் பட்டால் போய்விடும். நான் அழிக்கவில்லை; அந்த வளையத்தோடேயே அது எல்லோருடைய வாயிலும் பட வேண்டும் என்று நினைத்தேன். கழுவலாம், கொதிக்க வைக்கலாம், துடைக்கலாம், ஆனால் எது எவருடையது என்று எவருக்கும் தெரியக் கூடாது. என்னுடைய பாண்டில் அதுதான் சட்டம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

முதல் மாதம் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் காரணம் வந்தது. "ரியூசன் நேரம் மாறிப்போச்சு சேர்." "அவளுக்கு மூச்சு முட்டுதாம் சேர்." "கொரோனா வந்த பிறகு எங்களுக்கு ஒரு பயம் சேர், குறை நினையாதேங்கோ. பிள்ளைக்குத் தனியா ஒண்டு வாங்கித் தரட்டே?" தனியே ஒன்று கேட்பதில் பிழை சொல்ல முடியாது. அதுதான் கொடுமை. இப்போது எவருடைய சுகாதாரம் உண்மையான சுகாதாரம், எவருடையது பழைய சுகாதாரம் என்று பிரித்தறிய வழியில்லை. நான் மாட்டேன் என்றேன். இப்போது என் பாண்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள். சோடி சேர்க்கத் தேவையில்லை. குழல்கள் மிச்சமாகத் தொங்குகின்றன. அக்காவின் காலத்தில் வளையம் இருந்தது, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். என் காலத்தில் சட்டம் இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் உண்மை இதுதான்.

போன வருசம் அக்கா தொலைபேசியில் எடுத்தார். பாண்டைப் பற்றி ஊர்க்காரர் எவரோ சொல்லியிருக்கிறார்கள். பெருமைப்பட்டார். பிள்ளைகள் குறைந்துபோன கதையும் அவருக்கு எட்டியிருந்தது. "நீ செய்யிறது சரி. ஆனா பிள்ளையள் வரவேணுமே அப்பன். அண்டைக்கு அந்தக் கூட்டத்திலை என்ன கேட்டவை தெரியுமே? உங்களுக்கு வேறை நாளிலை பயிற்சி வையெண்டு. இல்லாட்டிப் பாண்டை மூடெண்டு. நான் ஒருத்திதான் அதுக்குள்ளை பொம்பிளை. உங்களை வெளியிலை விடாமல் வைச்சிருக்க எனக்கு வேறை வழி தெரியேல்லை." அவர் பொய் சொல்லவில்லை. அந்த வளையம் இல்லையென்றால் குழல் அன்றைக்கே என் கையை விட்டுப் போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் இத்தனை வருசமாக நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டேன்: "அக்கா, அந்தச் சிவப்பை எங்கடை மவுத்பீஸிலை பூசினீங்கள். அவையின்ரையிலை பூசியிருக்கலாமே?" அக்கா, "சாப்பிட்டியே?" என்று கேட்டார். "ஓம் அக்கா" என்றேன்.

சில கிழமைகளுக்கு முன்பு தலைவரின் மகன் வந்தான். கொடிகாமத்தில் வேலை செய்கிறான். இன்னும் மச்சான் என்றுதான் கூப்பிடுவான். தன்னுடைய தமக்கையின் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். "இவளுக்கு ஊத வேணுமாம். என்ரை வருத்தம் தொத்தியிட்டுது" என்று சிரித்தான். அந்தப் பக்கத்திலிருந்து நெடுநாளைக்குப் பிறகு வந்த ஒரே பிள்ளை. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்கச் சட்டிப் பக்கம் திரும்பி, "கையை விட்டு ஒண்டை எடும் பிள்ளை" என்றேன். அவள் சட்டைக்கையை மடித்து, நுரைக்குள் துழாவி, ஒன்றை உயர்த்திப் பிடித்தாள். சிவப்பு வளையம். அவள் அதை உதட்டுக்குக் கொண்டுபோக, அவன் கை நீண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"ஐயோ பிள்ளை, உது வேண்டாம். உது சேரின்ரை" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் வைச்சிருக்கிறியே மச்சான்!" என்றான். அவன் கண் கலங்கியதுபோல இருந்தது. மரியாதையாகத்தான் சொன்னானோ, அல்லது அன்றைக்குக் கதிரையிலிருந்து எழும்பிய தாய் இத்தனை வருசத்துக்குப் பிறகு அவன் கைக்குள்ளும் எழும்பினாரோ, எனக்குத் தெரியாது. அவனுக்கே தெரிந்திருக்குமோ என்பதும் சந்தேகம். ஒருகாலத்தில் ஒரு யோசனையும் இல்லாமல் அதை வாயில் வைத்த ஒரே ஆள் அவன்தான். பெண் அதைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறாள். நல்ல உதடு, கெதியில் மேல்சுரம் பிடிப்பாள். ஆனால் கையை விடுமுன் நுரையை ஒதுக்கி, வளையம் எங்கே கிடக்கிறதென்று பார்த்துக்கொள்கிறாள். இப்போது எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளும் அவளைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள். "உது சேரின்ரையடா, எடாதை" என்று ஒருவருக்கொருவர் எச்சரிக்கிறார்கள். எல்லோரும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்த் தேனீயாக இரையத் தொடங்கும்போது, விறாந்தையில் நான் குனிந்து பார்க்கிறேன். ஆறிப்போன தண்ணீருக்கு அடியில் அது ஒன்றுதான் கிடக்கிறது.